பன்னிரண்டாம் திங்களின் மலர்

நீர்த்தேக்கத்தின் கரைமேல் எழுந்த இளங்கதிர் முதலில் தொடர்வண்டி நிலையத்தின் நெடிய கூரையைத் தொட்டு, சரக்குக் கொட்டகைகளின் தகரங்களைத் தடவி, இருப்புப் பாதையின் இரட்டைக் கோடுகளின்மேல் உருக்கிய வெள்ளியாய் வழிந்தோடி, நிலையத்துக்குத் தெற்கே குறுஞ்சுவர்களும் ஓட்டுக் கூரைகளும் தோளோடு தோள் உரசிக் கிடக்கும் ஒரு தெருவுக்குள் தயங்கித் தயங்கித் தலை நீட்டியது. பால்காரரின் மிதிவண்டி மணி ஒரு முறை ஒலித்து அடங்கியது. குழாயடியில் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு முணுமுணுத்தன. யார் வீட்டுப் பூனையோ மதில்மேல் நடந்து, எந்தப் பக்கம் குதிப்பது என்று தன் இனத்தின் பழைய ஐயத்தில் ஆழ்ந்து நின்றது. அமைதி நிறைந்த அவ்வேளையில், அத்தெருவின் ஏழாம் வீட்டுப் பின்புறத்தில், வெண்தலையும் மெலிந்த தோளும் உடைய ஒருவர், இடக்கையில் கடிகாரமும் வலக்கையில் பூவாளியுமாக, மதில் முழுவதும் படர்ந்து பசுமை பொங்கிக் கிடந்த ஒரு காகிதப்பூக் கொடியின் முன் நின்று, தவறிழைத்த பணியாளை முதலாளி பார்ப்பது போல் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத் தேதி ஒண்ணு," என்றார் கொடியிடம். "உன் முறை வந்தாச்சு."

கொடி ஓர் இலையை அசைத்தது. அதுவும் காற்றினால்.

அன்பு கூர்ந்து படிப்போரே, மரஞ்செடி கொடிகளோடு இவ்வாறு தேதி பேசும் மனிதரை நீங்கள் பித்தர் என்று எண்ணிவிடலாகாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடர்வண்டித் துறையில், நாள்தோறும் நாற்பத்திரண்டு வண்டிகள் ஒரே பாதையில் ஒன்றையொன்று முட்டாமலும், ஒன்றுக்காக ஒன்று வீணே காத்துக் கிடக்காமலும் வந்து போகுமாறு கால அட்டவணைக் கோடுகளை வரைந்து தந்தவர் அவர். ஊரார் அவரை அட்டவணையார் என்றே அழைத்தனர். தம் கோட்டில் ஒரு மணித்துளி பிசகினால் எங்கோ ஒரு பாலத்தில் இரண்டு விளக்குகள் எதிரெதிரே வரும் என்னும் அச்சத்திலேயே தலை நரைத்தவர். பேச்சைச் சுருக்கி மௌனத்தை நீட்டியவர். நூல்களில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மறு பக்கத்தைப் புரட்டுமுன் கால்நாழிகை சுவரைப் பார்ப்பவர்.

ஓய்வு பெற்ற மறுநாளே, மனைவியார் அமர்ந்து துணி தைக்கும் அறையின் சாளரத்துக்கு எதிரே, ஒரு பூந்தோட்டம் எழுப்ப அவர் முனைந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தாம் பிறருடைய பயணங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது, அவ்வம்மையார் அந்தச் சாளரத்தின் அருகே தனியே அமர்ந்து, தையற்பொறியை மிதித்துக்கொண்டு, எதிர் மதிலின் காரை உதிர்வதையே பார்த்திருந்தார் என்பது அவருக்குப் பிந்தித் தெரிந்தது. அதை வாயால் சொல்லும் ஆற்றல் அவருக்கு இல்லை. ஆகவே மரங்களால் சொல்லத் துணிந்தார். ஆனால் மரங்களையும் அவர் அறிந்த ஒரே முறைப்படிதான் அழைத்தார்: ஒரு பெருந்தாளில் பன்னிரண்டு கட்டங்கள் கீறி, ஒவ்வொரு திங்களுக்கும் ஒரு மரமோ செடியோ கொடியோ, 'வருகை' 'புறப்பாடு' என்று இரு நிரல்களிட்டு, அதைத் தையலறைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

அத்தாளைச் சுருட்டிக்கொண்டு அவர் நாற்றுப்பண்ணைக்குச் சென்ற நாளை அப்பண்ணையை நடத்தும் பெண்மணி இன்றும் மறந்தாரில்லை.

"சார், இந்தச் செம்பருத்தியக் கொண்டு போங்க. வருஷம் பூரா பூக்கும். வெச்சுட்டு மறந்துடலாம்."

"வருஷம் பூரான்னா எப்ப வருது எப்ப போகுதுன்னே தெரியாதேம்மா. அத நான் எந்தக் கட்டத்துல போடுறது?"

"அப்போ அரளி?"

"அதுவும் அப்படித்தானே?"

"ஆமா சார், நல்ல செடிங்க எல்லாமே கொஞ்சம் அப்படித்தான். செடிக்கு எதுக்கு சார் டைம்டேபிள்? ஒரு தொட்டி போதும்."

எப்போதும் பூக்கும் எளிய செடிகளையெல்லாம் ஒழுங்கற்றவை என்று ஒதுக்கி, ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் மனம் வைத்தால் மட்டும், பூக்கும் செருக்குடையவற்றையே அவர் தேடித் தேடித் தேர்ந்தார். மந்தாரை, மகிழம், சரக்கொன்றை, வேங்கை, மரமல்லி, பவழமல்லி என்று ஒவ்வொன்றாய் வந்து குழியில் இறங்கின. பன்னிரண்டாம் கட்டத்துக்கு மட்டும் இரண்டாண்டுக்கு முன் அவர் காகிதப்பூவை வாங்கினார்.

"இதுக்குத் தண்ணியக் காட்டாதீங்க சார்," என்று பண்ணைக்காரம்மா அன்றே எச்சரித்தார். "தாகம் எடுத்தாத்தான் பூக்கும். வயிறு நெறஞ்சுதுன்னா இலைய விரிச்சுப் போட்டுப் படுத்துக்கும்."

பட்டினி போட்டு வேலை வாங்கும் நிருவாகத்தை அட்டவணையார் வாழ்நாளில் ஒப்புக்கொண்டவரல்லர். காலை ஆறு பத்துக்கு இரண்டு பூவாளி, மாலை ஐந்து நாற்பதுக்கு ஒன்று, அதுவும் முக்காலிமேல் ஏறி உச்சியிலிருந்து இலை கழுவி வேர் நனையுமாறு, இரண்டாண்டும் நாள் தவறாமல் நீராட்டினார். கொடியும் நன்றி மறவாமல் கொழுத்தது. மொட்டு என்ற சொல்லை மட்டும் அது கற்றுக்கொள்ளவேயில்லை.

இந்நிலையில்தான், தொலைவிலுள்ள பெருநகரில் கண் பார்வை அளந்து கண்ணாடி பொருத்தும் பணியிலிருந்த ஒரே மகள், சென்ற ஆண்டு வந்தபோது ஒரு பேச்சை எடுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் வயசாச்சு. என்னோட வந்துடுங்க. ஏழாவது மாடி, காத்து பிச்சுக்கிட்டு வரும். ஆனா அம்மா, மிஷின் வேண்டாம். கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க."

அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. பொறியின் சக்கரத்தின்மேல் கையை வைத்தவர் எடுக்கவுமில்லை. அட்டவணையார் சுவரைப் பார்த்தார். ஏழாம் மாடியில் எதுவும் வந்து சேராது, எதுவும் புறப்பட்டுப் போகாது என்று அவர் உள்ளம் துணுக்குற்றது. ஆயினும் வயது முதிர்ந்த மனைவிக்கு மகளின் அருகிருப்பே இனிதாகலாம் என்றெண்ணி, அவரும் வாய் திறக்கவில்லை. அன்று அவ்வீட்டில் இருவர் பேசாதிருந்த பேச்சு ஒரு பெரிய புத்தகத்தையே நிரப்பும். இறுதியில் அம்மையாரே மகளையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்து ஒரு முடிவு கூறினார்.

"ஏழு வருஷமா பூ வரும் பூ வரும்னு சொல்றார். நான் பாத்ததெல்லாம் செவுத்துல ஒட்டின தாளத்தான். இந்த ஒரு வருஷம் பாக்கலாம். மாசம் ஒரு பூவாவது என் ஜன்னல்ல இருந்து தெரியணும். ஒரு மாசம் தவறினாலும் பெட்டியக் கட்டிடலாம். என்னங்க, பேச்சு பேச்சா இருக்கணும்."

"இருக்கும்," என்றார் அட்டவணையார். அவ்வாண்டில் அவர் பேசிய மிகத் துணிவான சொல் அது.

அதன்பின் கழிந்த பதினொரு திங்களும், கயிற்றின்மேல் நடப்பவனுக்குக் கயிறு நீண்டுகொண்டே போவது போன்றவை. மந்தாரை மட்டுமே குறித்த நாளில் வந்தது. பவழமல்லியோ இருளில் பூத்து, விடியுமுன் உதிர்ந்து, சாளரத்துக்கு வெறுங்கிளையைக் காட்டியது. தரையில் கிடப்பது பூவாகுமா என்ற வழக்கில், "கீழ கிடந்தாலும் பூ பூதான்," என்று அம்மையார் பெருந்தன்மையோடு தீர்ப்பளித்தார். மகிழம் ஒன்பது நாள் தாழ்ந்து வந்ததுமன்றி, அதன் பூ எள்ளினும் சற்றே பெரிதாய் இலைக்குள் ஒளிந்துகொண்டது.

"எங்கங்க பூத்திருக்கு?"

"வாசனை வருதுல்ல?"

"பேச்சு கண்ணுக்குங்க. மூக்குக்கு இல்ல."

அட்டவணையார் கயிறு கட்டி ஒரு கிளையைச் சாளரக் கம்பி வரை வளைத்து, மரத்தையே வளைந்து வணங்கச் செய்து அத்திங்களை மீட்டார். கொன்றை, தன் முறைக்கு ஒரு திங்கள் முன்னரே புறப்பட்டு வேங்கையோடு நேருக்கு நேர் மோதிக்கொண்டது. ஒரே திங்களில் இரண்டு பொற்குவியல், அடுத்த திங்களில் பொட்டல். எஞ்சிய ஒற்றைக் கொன்றைச் சரத்தை மறு திங்களின் முதல் நாள் வரை உதிராமல் காக்க, குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்று காக்கைகளோடு அவர் நடத்திய போர் தெருவார் வாயில் நெடுநாள் இருந்தது.

இவ்வாறு தத்தித் தாவிப் பன்னிரண்டாம் திங்கள் வந்தது. மழையில்லாத வறண்ட திங்கள். கொடியோ பச்சை மலை போல் அசையாதிருந்தது. அவர் நீரைக் கூட்டினார். மூன்று பூவாளி நான்காயிற்று. இலைகள் இன்னும் அகன்றன. பத்தாம் நாள், அம்மையார் பரணிலிருந்து பழைய தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டே, "பாப்பா கடைசி நாள் வர்றாளாம். அவ கண்ணால பாத்தாத்தான் நம்புவாளாம்," என்றார். அந்தப் பெட்டியின் மூடி திறந்த ஓசை, பாலத்தின்மேல் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளின் ஊதலாய் அட்டவணையாரின் செவியில் விழுந்தது.

அன்று பிற்பகல் அம்மையார் கண்ணயர்ந்த வேளையில், ஒருநாளும் ஒரு பொய் வண்டியை அட்டவணையில் ஏற்றாத அக்கை, துணித்துண்டு மூட்டைக்குள் நுழைந்து, இளஞ்சிவப்பான ஒரு துண்டை உருவியது. மூன்று இதழ் வெட்டி, பசை தடவி, கம்பி சுற்றி, கொடியின் நடுவே அவர் அதைக் கட்டினார். ஒரு கண் வீங்கியது போல் ஒருபுறம் சாய்ந்து நின்றது அப்பூ.

உறங்கி எழுந்து வந்த அம்மையார் சாளரத்தருகே அமர்ந்தார். நூல் கோத்தார். வெளியே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பூத்திருச்சு போல."

"ம்."

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"முதல் வண்டி. மத்தது பின்னால வரும்."

"வரட்டும், வரட்டும்," என்றார் அம்மையார். பொறி கடகடவென ஓடத் தொடங்கியது.

அன்று மாலை ஐந்து நாற்பதுக்குப் பூவாளியைத் தூக்கிய அட்டவணையார் முக்காலியின்மேல் நின்றபடியே உறைந்தார். அந்தத் துணி சாயம் போகும் துணி. நனைந்தால் மதிலெங்கும் சிவப்புக் கோடு வழியும். வேரில் மட்டும் ஊற்றலாமெனின், உச்சியில்தான் ஊற்ற வேண்டுமென்று இரண்டாண்டு வாதித்தவர் இன்று ஏன் குனிந்தார் என்ற கேள்வி எழும். அவர் பூவாளியை நிறைவாகவே திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

"ஏங்க, தண்ணி ஊத்தலையா?"

"பூத்தப்புறம் கொஞ்ச நாள் ஓய்வு குடுக்கணும். புத்தகத்துல போட்டிருக்கு."

அப்படியொரு புத்தகம் உலகில் இல்லை. அம்மையார் அதன் பெயரைக் கேட்கவுமில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் கொடியருகே சென்றபோது, அதில் மூன்று பூக்கள் இருந்தன.

கட்டியது ஒன்று, இருப்பதோ மூன்று. ஒருகணம், துணிப்பூவைக் கண்டு நாணிய கொடி தானே பூத்துவிட்டதோ என்று அவர் நெஞ்சு துள்ளியது. குனிந்து பார்த்தார். புதிய இரண்டின் விளிம்புகள் உள்மடிந்து, பொடிப்பொடியான தையலோடு, அடியில் நூலை இருமுறை சுற்றி இடையில் நுழைத்து இறுக்கிய ஒரு முடிச்சில் முடிந்திருந்தன. அம்முடிச்சை அவர் அறிவார். நாற்பதாண்டுகளாக அவருடைய சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் அம்முடிச்சில்தான் நின்றது.

அட்டவணையார் நெடுநேரம் அங்கேயே நின்றார். அடுப்பங்கரையில் பாத்திரம் ஒன்று வழக்கத்தைவிட உரக்க ஒலித்தது. உள்ளே சென்று அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அம்மையாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அன்று பிற்பகல், அம்மையார் வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகவே உறங்கப் போனார், போகும்போது கத்தரிக்கோலை மேசைமேலேயே விட்டுவிட்டு. அன்று மாலை அட்டவணையார் வழக்கத்தைவிட அரைமணி நீண்ட உலாப் போனார், போகும்போது முக்காலியை மதிலருகேயே விட்டுவிட்டு.

இவ்வாறு அத்தோட்டத்தில் ஒரு வினோதமான பருவம் வந்தது. பிற்பகல்தோறும் ஒன்று, மாலைதோறும் இரண்டு எனப் பூக்கள் பெருகின. நாள் ஏற ஏற அவருடைய பூக்கள் நேர்த்தி கற்றன. அம்மையாரின் பூக்களோ, அவருடையவற்றினின்று வேறுபட்டுக் காட்டிக்கொடுத்துவிடலாகாதே என்று, பாடுபட்டுக் கோணல் கற்றன. வழியில் போவோர் மதிலுக்கு வெளியே நின்று வியந்தனர். இருவரும் சாளரத்தில் சேர்ந்து நின்று, முகத்தில் ஒரு தசையும் அசையாமல் அப்புகழை ஏற்றுக்கொண்டனர்.

இருபத்தாறாம் நாள் நாற்றுப்பண்ணைக்காரம்மா அவ்வழியே வந்து மதிலுக்குமேல் தலையை நீட்டினார்.

"சார்! தண்ணிய நிறுத்திட்டீங்க போல! நான் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"ம், ம்," என்றார் அட்டவணையார், பண்ணைக்காரம்மாவுக்கும் கொடிக்கும் இடையே சென்று நின்றுகொண்டு.

"நல்லாப் புடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு சார்..." அவர் கண்களைச் சுருக்கினார். "நான் உங்களுக்குக் குடுத்தது வெள்ளைப் பூவாச்சே?"

சாளரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த தையற்பொறி பட்டென நின்றது.

பூத்தறியாத கொடிக்கு நிறம் என்ற ஒன்று உண்டென்பதையே அட்டவணையார் இரண்டாண்டில் மறந்துபோயிருந்தார். "மண்ணு," என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இங்க மண்ணு அப்படி."

"அப்படியா!" என்ற பண்ணைக்காரம்மா, சாளரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஒருபுறம் சாய்ந்த முதல் பூவைப் பார்த்தார். "அந்த மண்ணுல ஒரு கூடை எனக்கும் குடுங்க சார், யாவாரம் நல்லா நடக்கும்," என்று சொல்லி, சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தார்.

கடைசி நாளும் வந்தது. மகள் வந்து இறங்கினாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே தையலறைச் சாளரத்துக்கு வந்தாள். வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டி நிற்பவர் போல் ஒருபுறம் தந்தை. ஊசியில் நூல் கோப்பதாகப் பாவித்துக்கொண்டு மறுபுறம் தாய். பிறர் பார்வையை அளப்பதே பிழைப்பாகக் கொண்ட அக்கண்கள் கொடியை மேலிருந்து கீழாக ஒருமுறை வரிவரியாகப் படித்தன. பின் அவள் வெளியே சென்று கொடியருகே நின்றாள். இருவரும், தீர்ப்புக்குக் காத்திருக்கும் கூட்டுக் களவாளிகளாய், அவள் பின்னே சென்று நின்றனர்.

"அப்பா."

"சொல்லும்மா."

"பூவுக்குத் தையல் போட்டிருக்கு."

அவள் அடுத்த பூவைத் திருப்பினாள்.

"இது துணி. இதுவும் துணி. இதுல பசை. அம்மா, இது என் பழைய பாவாடைத் துணி!"

"சாயம் போற துணி. வேற எதுக்கு ஆகும்?" என்றார் அம்மையார் மெல்லிய குரலில்.

மகளின் விரல் ஒவ்வொன்றாய்த் தொட்டுச் சென்று, மதிலின் மூலையில், வெயில் முதலில் விழும் இடத்தில் நின்றது. "எல்லாம் சிவப்பா தச்சுட்டு, இது ஒண்ண மட்டும் எதுக்கு வெள்ளையில வெச்சீங்க?"

அட்டவணையார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பண்ணைக்காரம்மாவின் சொல் கேட்டு நிறத்தைத் திருத்திவிட்டார் போலும், என்னே இவர் நுண்ணறிவு என்று எண்ணினார். அதே கணத்தில் அம்மையாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணிலும் அதே வியப்பு இருந்தது.

"நீதானே?"

"நானில்லங்க. நீங்கதானே?"

"நான் வெள்ளத் துணிய எடுக்கவே இல்லையே."

மகள் குனிந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி, இதழைத் தொட்டு, மெல்லத் திருப்பிப் பார்த்தாள். தையல் இல்லை, பசை இல்லை, கம்பி இல்லை. மூன்று வெள்ளை இதழ்களின் நடுவே, குண்டூசித் தலையினும் சிறிதாய், உண்மையான ஒரு பூ விழித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, நீரின்றி வாடிய அக்கிளை நெடுக, எண்ணற்ற மொட்டுகள் அரிசி மணிகளாய்க் கட்டி நின்றன. இருபது பகல் தாகத்தில் அக்கொடி, இரண்டாண்டு உபசாரத்தில் செய்யாததைச் செய்துவிட்டிருந்தது.

முதலில் சிரித்தவள் மகள். சிரித்துச் சிரித்து மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"போக மனசில்லன்னு ரெண்டு பேருல ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லியிருந்தா போதுமே! ஒரு வருஷமா என்ன நாடகம் இது?"

"அவர் சொல்வார்னு நான் இருந்தேன்," என்றார் அம்மையார்.

"அவ சொல்வான்னு நான்," என்றார் அட்டவணையார்.

"நல்லா இருந்தீங்க போங்க. அந்தப் பெட்டியத் தூக்கிப் பரண்ல போடுங்க. மிஷின்ல என் ரவிக்கை ஒண்ணு தைக்க வேண்டியிருக்கு."

அன்று மாலை ஐந்து நாற்பது வந்தபோது அட்டவணையார் பூவாளியைத் தொடவில்லை. மகள் துணிப்பூக்களை ஒவ்வொன்றாய் அவிழ்த்துக் கூடையில் இட்டாள். ஒருபுறம் சாய்ந்த முதல் பூவின்மேல் அவள் கை சென்றபோது மட்டும், "அது கிடக்கட்டும்," என்றார் அம்மையார் சாளரத்திலிருந்து. அது கிடந்தது. வெள்ளைப் பூக்கள் வந்தன, உதிர்ந்தன, மீண்டும் வந்தன. சுவரில் ஒட்டிய தாளின் பன்னிரண்டாம் கட்டத்தில் 'வருகை' என்ற நிரலை அட்டவணையார் வெறுமையாகவே விட்டுவிட்டார். முதல் மழையில் அந்தத் துணிப்பூவின் சாயம் கரைந்து மதிலில் நீண்ட சிவப்புக் கோடாய் இறங்கிற்று. இரண்டாம் மழையில் கோடும் வெளுத்தது. மூன்றாம் மழைக்குப் பின், மெய்ப்பூக்களின் நடுவே அது எது என்று கண்ணளக்கும் மகளாலும் எளிதில் சொல்ல முடியவில்லை. நெடுங்காலம் அருகருகே இருந்து ஒருவர்க்கொருவர் சொல்லாது விட்டவை எல்லாம் இவ்வாறே எங்கேனும் ஒரு கிளையில் கோணலாகக் கட்டப்பட்டு நிற்கும் போலும். காண்பார் காணுமட்டும் அவை நிற்கும், கண்டபின் வெளுக்கும், வெளுத்தபின்னும் உதிரா.